பள்ளத்தில் வெட்டிய கான்

தேயிலைத் தோட்டத்தில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே ஒரு சேற்றுப் பள்ளம் இருந்தது. இப்போது அங்கே, இது ஈரநிலம், பாதுகாக்க வேண்டும் என்று பலகை நட்டிருக்கிறார்கள். புல் அறுக்கக் கூடாதாம். நல்ல வேடிக்கை! அது உண்மையாகவே ஈரமாக இருந்த காலத்தில் ஓர் அதிகாரியும் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் இறங்கியதில்லை. இறங்கியவர்கள் எங்கள் லயத்துப் பெண்கள்தான்.

கொழுந்து எடுத்துவிட்டு வரும் வழியில் மாட்டுக்குப் புல் அறுப்பார்கள், வல்லாரை பறிப்பார்கள். ஒரு பக்கம் அறுத்தால், அது மறுபடி தழைக்கும்வரை அடுத்த பக்கம். நடுவில் மட்டும் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அங்கே நிலம் மெத்தை மாதிரி அமுங்கும். ஊற்றே அங்கேதான் இருக்கிறது என்பாள் அம்மா. ஒருமுறை நான் அதில் குதித்து விளையாடப் போய் முதுகில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. பள்ளத்துக்குக் கீழே பாறை இடுக்கில் ஊற்றுத் தண்ணீருக்குக் குழாய் செருகிய எங்கள் பீலி. குடிக்க, குளிக்க, துணி துவைக்க, சண்டை போட, எல்லாவற்றுக்கும் லயமே அந்தக் குழாயடிக்குத்தான் வர வேண்டும்.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, காய்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று அந்தப் பள்ளத்தைத் தோட்ட நிர்வாகத்தார் எங்கள் ஆட்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். அடேயப்பா, அன்றைக்கு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! தலைமுறை தலைமுறையாகத் துரையின் மலையைக் கொத்தியவர்களுக்குக் கையகலமாவது மண். வெலிமடைப் பக்கம் லீக்ஸும் கிழங்கும் லொறியில் ஏறுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் தேங்காய் உடைத்தார்கள். அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தேயிலை. வேரில் தண்ணீர் நின்றால் தேயிலை செத்துப்போகும். அதனால் புதிதாக எந்த நிலம் கையில் கிடைத்தாலும் முதலில் வாய்க்கால் மாதிரிக் கான் வெட்டித் தண்ணீரை வெளியே விடுவார்கள். எங்கள் அப்பா கான் வெட்டுவதில் பெயர் எடுத்தவர். நூல் பிடித்துப் பார்த்தாலும் கோணல் இருக்காது. பள்ளத்துக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அம்மாவின் வயிற்றில் அப்போது என் தம்பி இருந்தான். தம்பிதான் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

"நடுவால வெட்டாதீங்க" என்றாள் அம்மா. "ஓரத்துல போட்டுக்கங்க. நடுவுல அப்படியே கெடக்கட்டும்."

"சேத்துல கெழங்கு போட்டா அழுகிப் போயிராதா?" என்றார் அப்பா.

"பீலி காஞ்சிருச்சின்னா?"

"மலைத் தண்ணி எங்கடி காயப் போகுது?"

அப்பாவுக்கு உதவிக்கு நின்ற சித்தப்பா சிரித்தார். "அண்ணிக்கு மாட்டுப் புல்லு போயிருமேன்னு கவல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா பள்ளத்தின் நடுவாக நேராகவும் ஆழமாகவும் வெட்டினார். கறுப்புத் தண்ணீர் கீழே ஆற்றைப் பார்க்கக் குதித்துக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டோம். முதல் விளைச்சல் அமோகம். பசறைச் சந்தைக்கு மூட்டை போனது. வீட்டுக்கு வீடு உட்காரப் பிளாஸ்டிக் கதிரை வந்தது. சித்தப்பா, அண்ணி இப்போது என்ன சொல்கிறார் என்று அம்மாவைச் சீண்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஆடிக் காற்று அடித்தது. ஊவாவில் அந்தக் காற்று வந்தால் மழைக்கு மாசக்கணக்கில் விடுமுறை. அதற்கு முன்னால் எத்தனை ஆடி வந்து போயும் நிற்காத பீலி, விரல் தடிமனாகி, நூலாகி, நின்றுவிட்டது. இலை அடைத்திருக்கும் என்று அப்பா கம்பியால் குழாயைக் குத்திக் குத்திப் பார்த்தார். ஆண்கள் வெயிலைத் திட்டினார்கள். கானைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர் பவுசர் லொறி வரும், வரும் என்றார்கள். வரவே இல்லை.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே அப்பா ஆற்றுக்கு இறங்கி ஒரு கேன் கொண்டுவந்து வைப்பார். அது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்த ஒருநாள் அம்மா தானே கேனை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சருகு மூடிய செங்குத்துப் பாதை. திரும்பி ஏறும்போது சறுக்கி விழுந்தாள். ஆட்டோவில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வீடு திரும்பியபோது அவளுக்கு வயிறு இல்லை, கையில் பாப்பாவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்க்க வந்த பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரி மூக்கைச் சிந்திவிட்டு, "ஆத்துக்குப் போகாம இருந்திருந்தா புள்ள தங்கியிருக்கும்" என்றாள். அப்பா எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார். நானும் பின்னால் ஓடினேன்.

அவர் கரையில் கிடந்த மண்ணை வெட்டிக் கானுக்குள் தள்ளினார். சித்தப்பா பதறிக்கொண்டு வந்து மண்வெட்டியைப் பிடித்தார்.

"அண்ணே, மழ வந்தா தண்ணி நின்னு எல்லாரு கெழங்கும் போயிரும். நமக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதானே."

"நான் வெட்டுன கான்டா. விடு."

சித்தப்பா விட்டுவிட்டார். மற்றவர்கள் தங்கள் பாத்திகளில் அப்படியே நின்றார்கள். தடுக்கவும் இல்லை, ஒரு கை கொடுக்கவும் இல்லை. அவர்கள்மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. அந்த மண்ணை விட்டால் அவர்களுக்கு வேறு எது இருந்தது?

இருட்டும்வரை அப்பா மூடினார். வெடித்துத் தூளாகிவிட்ட கறுப்பு மண், கானை மூடிய மாத்திரத்தில் பழையபடி தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, கான் மூடியாகிவிட்டது என்பதுதான். மறுநாள் விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய், குழாய்க்கு நேராக வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

என்னைத் தேடிக்கொண்டு அப்பா வந்தார். "இங்க என்னாம்மா பண்ற?"

"தண்ணிக்கு நிக்கிறேன். பீலியில தண்ணி வந்துட்டா அம்மா ஆத்துக்குப் போக வேணாம்ல? அப்ப தம்பி வந்துருவான்ல?"

அப்பா துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பாவம், நேற்றெல்லாம் மண் தள்ளிய வலி என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன்.