எதிர் வீட்டு அகல்கள்

ராயபுரத்தில் எங்கள் தெருவில், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வாசலுக்கு வாசல் அகல் எரியும். இப்போது அதைப் படம்பிடிக்கவே ஆட்கள் வருகிறார்கள். இந்த வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், புயலால் வந்தது என்பார் அப்பா. எதிர் வீட்டுப் பெரியம்மாவால் வந்தது என்பேன் நான்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். டிசம்பரில் அடித்த புயல், மின்கம்பங்களோடு எங்கள் மொட்டைமாடிக் காகித நட்சத்திரத்தையும் கொண்டுபோய்விட்டது. பண்டிகை வந்தும் கரண்ட் வரவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டிகளைத் தூக்குகிற அப்பாவால் ஒரு பல்பை எரியவைக்க முடியவில்லையே என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். நட்சத்திரம் இல்லாத வீட்டை ஏசு பாலன் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டு, சோறு வேண்டாமென்று அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாட்டுக் கொட்டகையிலேயே சமாளித்தவருக்கு நம் வீடு தெரியாதா என்று அம்மா சொன்னது எடுபடவில்லை.

என் அழுகை எதிர் வீடு வரை கேட்டிருக்க வேண்டும். காசிமேட்டில் மீன் விற்கும் பெரியம்மா, சாயங்காலம் தன் அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே மீன் இல்லை. மூக்கு கறுத்த அகல் விளக்குகள், கூடவே ஒரு பாட்டில் எண்ணெய்.

"இந்த வருசம் எங்க வூட்ல ஏத்தறதுக்கில்ல. சும்மாத்தான் கீது," என்றார் அம்மாவிடம். "கொயந்த அய்வுது. உங்க வூட்ல எரியட்டும்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருட்டிக்கொண்டு வருகிறதே என்று எனக்கு அவசரம்.

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் திரி போட்டோம். எங்கள் படியில் வைத்தது போக மீந்ததைப் பக்கத்து வாசல்களில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் தங்கள் வீட்டுக் கார்த்திகை அகல்களைத் தேடி எடுத்து வந்தார்கள். கடற்காற்று அணைக்க அணைக்க, யாராவது குனிந்து மறுபடி ஏற்றினார்கள். எதிர் வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. ஒரு விளக்கைக் கையால் மறைத்து எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரியம்மா தடுத்தார்.

"வேணாம் கண்ணு, அங்கியே வையி. இங்கேர்ந்து பாத்தா நல்லாத் தெரியுது."

எண்ணெய் சிந்திய வாசலைத் துடைக்கும் வேலைகூட இல்லாமல் வேடிக்கை பார்க்கிறாரே, கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அவரே கூப்பிட்டு முதல் அகலைத் தன் வாசலில் வைக்கச் சொன்னபோது, என் பிடிவாதம் ஜெயித்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் புயல் வருடத்து ஆடியில், கடலுக்குப் போன அவர் மகன் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் கார்த்திகை கிடையாது என்பதோ, தான் ஏற்றக்கூடாத வெளிச்சம் முழுவதையும் அவர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்பதோ அப்போது தெரியாது.