கொனா, வொனா, கொட்டா

இன்னைக்கு நடந்ததைக் கேளுங்க மக்களே.

என் தங்கச்சி இங்கிலீஷ் படிச்சது போன்ல வீடியோ பார்த்துத்தான். கோயிங் டு, வான்ட் டு எல்லாத்தையும் கடிச்சுத் துப்பி கொனா, வொனா, கொட்டா, லெம்மி, கிம்மி... ரெட்டைப் புள்ளைங்க மாதிரி எல்லாத்துக்கும் ஒரே முகம். "இன்டர்வியூவுல இதையெல்லாம் வாயத் தொறந்து சொல்லிடாதடி"ன்னு இங்கிலீஷ் டீச்சரான நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போச்சு.

இன்னைக்குக் காலையில வீடியோ கால்ல இன்டர்வியூ. கலவானப் பக்கம் ஒரு ஹோட்டல், முதலாளி வெள்ளைக்காரர். றக்வானயில நம்ம தேயிலைத் தோட்டத்துக்குச் சிக்னல் கிடைக்கிறது கோயில் வாசல்ல மட்டுந்தான். அங்க பெஞ்ச் போட்டு அவ, நான், அப்பா மூணு பேரும் உட்கார்ந்தோம்.

போன்ல அந்த முகம் வந்துச்சு. அவ்வளவுதான். அப்பா படக்குன்னு எழும்பி, தலைத்துண்டை அவுத்துக் கக்கத்துல வச்சுக் கையைக் கட்டிட்டாரு. காலையில வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்துல தோட்டத்துத் துரை முன்னால நிக்கிற மாதிரியே.

"உட்காருங்கப்பா"ன்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். அசையல.

அந்த மனுசனும் பார்த்துட்டாரு. "பின்னால யாரு? உட்காரச் சொல்லுங்க"ன்னாரு.

தங்கச்சி திரும்பிக்கூடப் பார்க்கல.

"மை ஃபாதர். ஹி எய்ன்ட் கொனா சிட், சேர். யூ கொட்டா ஸ்டாண்ட்."

அவர் உட்கார மாட்டாராம், நீங்கதான் எழும்பணுமாம்!

அந்த ஆளு எழும்பி நின்னுட்டாரு. போன்ல பெல்ட்டு மட்டுந்தான் தெரிஞ்சுது.

வேலை கிடைச்சுதான்னு இன்னும் தெரியல. ஆனா அவ சொன்னதை நல்ல இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? டீச்சருக்கே தெரியல. தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க.