அப்பா எடுத்த ஏழு மார்க்

எங்கள் அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் முதலிடம் வாங்கினார். வாங்கிக் கொடுத்தவள் நான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கடைத்தெருவான ஆரியசாலையின் வியாபாரிகள் சங்கக் கூடத்தில் முகாம் போட்டார்கள். பெரியவர்களில் யாருக்குச் சர்க்கரை, பிரஷர், இதயநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று பார்க்கும் முகாம். எங்கள் வார்டின் சுகாதாரப் பணியாளரான மலையாளத்து அக்கா, எங்களுக்கெல்லாம் சேச்சி, கையில் ஒரு தாளுடன் கேள்வி கேட்டு, டேப்பால் இடுப்பை அளந்து, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டார். நாலைத் தாண்டியவர்களுக்கு அங்கேயே பிரஷர் பார்த்து ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களாம். பள்ளிக்கூடக் கலைப்போட்டியான கலோத்சவத்திலும் இதே முறைதான். நிறைய மார்க் வாங்கியவர்கள் ஜில்லா போட்டிக்குப் போவார்கள். மோகினியாட்டத்தில் பள்ளி வாசலைக்கூடத் தாண்டாதவள் என்பதால் இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்துக் கடை வெங்காய மாமா ஆறு வாங்கிவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்தது அப்பா. மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி, பேரத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், இங்கே அநியாயமாகக் கோட்டை விட்டார். வயதுக்கு இரண்டு. தொப்பைக்கு இரண்டு, அதில் அவரைக் குறை சொல்லவே முடியாது, முழு மார்க். அதோடு சரி. குடும்பத்தில் யாருக்கும் நோயில்லை என்றார், சைபர். தினமும் நடப்பதாகச் சொன்னார், அதற்கும் சைபர்.

“சிகரெட் வலிக்கிறதுண்டா அண்ணாச்சி?” என்று கேட்டார் சேச்சி.

“அந்தப் பழக்கமெல்லாம் நமக்குக் கெடையாதும்மா” என்றார் அப்பா.

நாலோடு நிற்கப் போகிறார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“வலிப்பாங்க சேச்சி. தெனமும் வத்தல் மூடைக்குப் பின்னால நின்னு வலிப்பாங்க. அம்மாகிட்ட சொல்லாம இருக்க எனக்கு நாரங்கா மிட்டாய் வாங்கித் தருவாங்க. நடக்கவும் மாட்டாங்க. மூணு வீடு தள்ளி இருக்கிற கடைக்கு ஸ்கூட்டர்லதான் போவாங்க.”

கூடமே சிரித்தது. அப்பாவின் இருமலுக்கு வத்தல் நெடிதான் காரணம் என்று அத்தனை வருடம் நம்பி, இப்போது என் பின்னால் நின்று கேட்ட அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சேச்சி சிகரெட்டுக்கு இரண்டும் ஸ்கூட்டருக்கு ஒன்றும் போட்டார். ஏழு! வெங்காய மாமாவைத் திரும்பிப் பார்த்துக் குதித்தேன்.

சேச்சி அப்பாவுக்குப் பிரஷர் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி அம்மாவிடம், “இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், கேட்டோ. நாளைக்குன்னு தள்ளி வைக்கண்டா” என்றார்.

காத்திருக்கக்கூட வேண்டாம், இன்றைக்கே ஜில்லா! நான் தெருவில் முன்னால் ஓடி, திறந்திருந்த கடையிலெல்லாம் அப்பா ஃபர்ஸ்ட் என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசிக் கடையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அந்தத் தெருவில் எப்போதும் அப்பாவுக்குப் பத்தடி பின்னால் நடக்கும் அம்மா, அன்று பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜெயித்தவரின் கையை விட யாருக்குத்தான் மனசு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் வந்ததும் அம்மா இன்னொரு கையால் என்னைப் பிடித்தாள். விரல்கள் வலிக்கும் அளவுக்கு இறுக்கினாள். ஜெயித்த சந்தோஷத்தில் நானும் அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.