பலகையில் கடல்

திருச்செங்கோட்டில் மரப்பலகையில் படம் அச்சடித்துக் கொடுப்பது என் தொழில். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத ஊரில் எல்லோருக்கும் ஹாலில் கடல்தான் வேண்டும். போன வாரம் பெரியப்பா ஒரு பழைய கன்னியாகுமரிப் படத்தைக் கொண்டுவந்தார். அலைக்கு முன்னால் அவர் குடும்பம் வரிசையாக நின்றிருந்தது.

“கடல் நல்லாப் பெருசாத் தெரியோணும் சாமி. புது ஊட்டு ஹால்ல மாட்டோணும்.”

படத்தைத் திரையில் பெரிதாக்கியதுமே என் வாயில் உப்புக் கரித்தது.

அப்பா இறந்தபின் நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். அவர்கள் கன்னியாகுமரிக்குக் கிளம்பிய அன்று விடியற்காலை வாசலெல்லாம் டீசல் புகையும் புளிச்சோற்று வாசனையும். தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, வேன் படியில் கால் வைத்தேன்.

“எடமில்ல சாமி, எறங்கிக்க. எருமைக்குத் தண்ணி காட்டோணுமில்ல?” என்றார் பெரியப்பா.

ஜன்னலோர இருக்கையில் கட்டுச்சோற்று அண்டா உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்தவர்கள் ஈரத்துணி மூட்டையை என் முன்னால் போட்டார்கள். துவைக்கும் கல்லில் உதறியபோது மடிப்புகளிலிருந்து மணல் கொட்டியது. விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த கடல் அவ்வளவுதான். அதுவும் சாக்கடையில் போய்விட்டது.

கணினியில் படத்திலிருந்தவர்களை ஒவ்வொருவராக அழித்து, அந்த இடத்தை அலையால் மூடினேன். பெரியப்பாவைக் கடைசியாக, காலிலிருந்து மெதுவாக அழித்தேன்.

நேற்று வாங்க வந்த பெரியப்பா பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“நாங்கெல்லாம் எங்க சாமி?”

“கடல் பெருசாத் தெரியோணும்னீங்களே. எடமில்லீங்க பெரியப்பா.”