சுத்தியல் வந்து தொட்டாலும் தொட்டதுதான்

என் அக்கா காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பார்ப்பவள். கூரை பறந்தது, கார் நசுங்கியது என்று வருகிறவர்களிடம் "விதியில இடமில்லை" என்று கண் இமைக்காமல் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். முகதாட்சண்யம் என்ற சொல் அவள் அகராதியிலேயே கிடையாது.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் பகடைகளை எடுத்து வைத்துவிட்டால் அவளே வேறு பிறவி. நான், அக்காவின் கணவரான மாமா, எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா மூவரும் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி அவள் சொல்லும் கதைக்குள் நுழைவோம். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். பலித்ததா என்று பகடையும் அக்காவும் சொல்வார்கள். மழை, மன்னன், ராட்சசன், நீதிபதி எல்லாம் அவள்தான். மந்திரங்களின் விதிப்புத்தகம் எப்போதும் அவள் மடியில் இருக்கும்.

எவ்வளவு கோணங்கித்தனமாகக் கேட்டாலும் சரி, "கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? பாப்போம்" என்பாள். டாக்டரம்மா ஒருமுறை உறைய வைக்கும் மந்திரத்தைச் சூப்பின்மேல் போட்டு, அதைக் கேடயமாகப் பிடித்துத் தப்பினார். ஆனால் அக்காவின் ஒவ்வொரு சரிக்கும் ஒரு விலை உண்டு. அன்று ஊர் நாய்களெல்லாம் டாக்டரம்மாவைத் துரத்தின.

மாமாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் உள்ளே வரும்போது அக்கா வெளியே கிளம்புவாள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்காருவதே இந்தச் சனிக்கிழமை மேஜையில்தான். அப்படியிருக்க, மாமா ஒற்றைக்காலில் நின்றார்: "என் மந்திரவாதி செத்தா செத்ததுதான். புது ஆளை வெச்சு ஆட மாட்டேன். சனிக்கிழமை தூங்கிக்கறேன்." சொன்னால் செய்கிற மனுஷன். கணவர் என்பதற்காக அக்கா பகடையில் விழுந்ததை மீறிச் சலுகை காட்டினாலோ, முதலில் எழுந்து போகிறவரும் அவர்தான்.

போன சனிக்கிழமை அவர் நல்ல மந்திரங்களையெல்லாம் டீ ஆறாமல் இருக்கவும் புறா விரட்டவும் செலவழித்துவிட்டுக் குகைக்குள் போய் ராட்சசனிடம் மாட்டிக்கொண்டார். பாக்கி இருந்தது சுமையை லேசாக்கும் மந்திரம் ஒன்றுதான். மாவு மூட்டை ஞாபகத்தில் வாங்கி வைத்தது. ராட்சசன் எங்கள் மேஜையளவு சுத்தியலை ஓங்கினான். அக்கா பகடையை உருட்டினாள். அடி நேராக மாமாவின் மண்டைக்கு.

அக்காவின் முகம் வெளிறியது. மந்திரவாதி செத்தால் மாமாவின் சனிக்கிழமையும் போச்சு.

"சுமை மந்திரம் போடறேன்," என்றார் மாமா.

"நீங்க தொட்டிருக்கற பொருளுக்குத்தானே மாமா அது? சுத்தியல் இன்னும் அந்தரத்துல இல்ல இருக்கு," என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். அசல் அலுவலக முகம். "மந்திரக்காரர் தொட்டிருக்கும் உயிரற்ற பொருள்கள் எல்லாம் இறகு எடையாகும்," என்று வாசித்தாள். "தொட்டிருக்கணும்னுதான் போட்டிருக்கு. யார் யாரைத் தேடிப் போகணும்னு இல்ல. சுத்தியல் வந்து மண்டையைத் தொட்டாலும் தொட்டதுதான்."

சுத்தியல் மாமாவின் தலையில் தலையணை மாதிரி விழுந்தது. கனத்துக்காக முழு பலத்தையும் போட்டு வீசியிருந்த ராட்சசன், தன் வீச்சிலேயே சுழன்று சுழன்று பொத்தென்று உட்கார்ந்தான். நாங்கள் மேஜையைத் தட்டித் தீர்த்துவிட்டோம்.

அக்கா விரலை உயர்த்தினாள். "பொறுங்க. நீங்க தொட்டிருக்கற பொருள் சுத்தியல் மட்டும்தானா?"

மாமா மெதுவாகக் குனிந்து தன்னைத் தானே பார்த்துக்கொண்டார்.

"சுத்தியல் வீசின காத்துல அங்கி, தொப்பி, பை, செருப்பு எல்லாம் பறந்து போச்சு. ஜட்டியோட நிக்கறீங்க."

"ஜட்டியும் தொட்டுட்டுதானே இருக்கு?" டாக்டரம்மா விடவில்லை.

அக்கா யோசித்தாள். "நாடா முடிச்சு போட்டிருக்கு. பறக்காது."

மாமா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்கு விலா வலித்தது.

"புருஷன்னு பாத்து விட்டுட்டேன்னு யாராவது நினைக்கறீங்களா?" அக்காவின் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"இந்தக் கோலத்துல நிறுத்திட்டு, இதுல சலுகை வேறயா," என்றார் டாக்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சாயங்காலம் மாமா வேலைக்குக் கிளம்பினார். ஷூ மாட்டியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"அடுத்த வாரம் மொதல்ல எனக்கு ஒரு சட்டை வேணும்."

அக்கா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

"பாப்போம்," என்றாள்.