தீக்குச்சி முட்டுக் கொடுத்த நீச்சல்காரன்

பிளாஸ்டிக் எத்தனை காலமானாலும் அழியாது என்று மைக் பிடித்துப் பேசுகிறவர்களை ஒருநாள் சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து, என் அலமாரிக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அழியாதாம்! வெயில் பட்டால் மஞ்சளாகிறது. ஐப்பசி மழையில் வியர்க்கிறது. சும்மா நிற்கும்போதே எண்ணெய் கக்குகிறது, பக்கத்தில் நிற்பவனோடு ஒட்டிக்கொள்கிறது. தெருவில் விட்டெறிந்தால்தான் அதற்குச் சாவு கிடையாது. ஆசையாக எடுத்து வைத்துப் பாருங்கள், கைக்குழந்தையைவிட மோசம்.

என்னிடம் அப்படி இருநூற்றுப் பதினொரு கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். எல்லாரும் சுண்டுவிரல் உயரம், மிஞ்சிப்போனால் நடுவிரல் உயரம். சிப்பாய்கள், குதிரைக்காரர்கள், விண்வெளி ஆட்கள், கையில் கரண்டியோடு ஒரு சமையல்காரர், வாலில்லாத ஒரு முதலை. பாதிப்பேர் சின்ன வயதில் சத்து மாவு டப்பாவுக்குள் இலவசமாக வந்தவர்கள். மீதிப்பேர் சண்டே மார்க்கெட்டில் கிடைத்தவர்கள். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போது, உடைந்த மேஜை விளக்கோடும் பீங்கான் தட்டோடும் இவர்களும் நடைபாதைக்கு வந்துவிடுவார்கள். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இன்னும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் குவியல்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

வைத்துக் காப்பாற்றுவதற்கு நானே கண்டுபிடித்த சட்டங்கள் உண்டு. எல்லாமே அடிபட்டுக் கற்றவை. கரப்பான் வராமல் இருக்கப் பாச்சை உருண்டை போட்டேன். இரண்டே மாதத்தில் ஒட்டகச்சிவிங்கி முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிப் புள்ளியெல்லாம் என் விரலில் வந்துவிட்டது. அன்றிலிருந்து பாச்சை உருண்டை இந்த வீட்டுக்குள் வராது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் இன்னொரு பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது, நடுவில் பட்டர் பேப்பர் வேண்டும். வெளிச்சம் படாமல் அலமாரிக்கு முன்னால் கனமான திரை வேண்டும். உப்புக் காற்றின் ஈரத்துக்கு என் வீட்டுக்காரர்தான் மருந்து கொண்டு வருவார். பெரிய மார்க்கெட் பக்கம் அவருக்குச் செருப்புக்கடை. புதுச் செருப்புப் பெட்டிக்குள், தின்னாதே என்று எழுதிய குட்டிப் பொட்டலம் கிடக்குமே, அதைச் சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தினமும் மேஜைமேல் கொட்டுவார். மற்ற வீட்டில் மல்லிகைப்பூ வரும், என் வீட்டில் இது வருகிறது என்று நான் சொன்னால், "பூ ஒரு நாள்ல வாடிடும்மா, இது ஆறு மாசம் வரும்" என்பார்.

இத்தனை பேரில் என் உயிர் ஒருவன்மேல்தான். முங்குநீச்சல்காரன். மஞ்சள் உடம்பு, முதுகில் இரண்டு காற்றுக் குழாய், முகத்தில் கண்ணாடி, காலில் தவளைக்கால் மாதிரி அகலமான துடுப்பு. பதினேழு வயதில் என் கைக்காசு போட்டு நான் வாங்கிய முதல் ஆள், பிரான்சில் செய்யப்பட்டு வந்தவன். மிருதுவான பிளாஸ்டிக், கணுக்கால் மட்டும் தீக்குச்சி கனம். போன வருஷம் வரை, முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. ஒரே ஒரு குறை, வருஷம் போகப் போக முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தான். செய்தவன் சரியாகச் செய்யவில்லை என்று பிரான்ஸ் தேசத்தையே திட்டிக்கொண்டு, மருந்து நீக்கிய தீக்குச்சி ஒன்றை அவன் நெஞ்சுக்கு முட்டுக் கொடுத்து நிற்க வைத்திருந்தேன்.

எங்கள் மாடியில் குடியிருப்பவள் கணக்கு டீச்சர். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் இருபது வயது பெரியது. வருஷா வருஷம் கொலு வைப்பாள். எங்கள் வீட்டில் கொலு கிடையாது. ஆனால் ஒன்பது நாளும் சுண்டலுக்கு முதல் ஆளாக நான் மாடியேறிவிடுவேன். போன வருஷம் நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் அவள் கீழே இறங்கி வந்து, என் திரையை விலக்கிவிட்டு நின்றாள்.

"அக்கா, இந்த வருஷம் படிக்குக் கீழ பார்க் போடல. நம்ம பீச் போடப் போறேன். லைட்அவுஸ், பழைய பாலம், எல்லாம் தெர்மாகோல்ல பண்ணிட்டேன். செவப்புத் தொப்பி போலீஸ்லேருந்து ஆளுங்கதான் இல்ல. ஒரு நாப்பது பேர அனுப்பு."

"என் பொணத்து மேல ஏறிப் போய் எடுத்துக்கோ" என்றேன்.

"இப்படியே மூடி மூடி வச்சிக்கினு என்னாக்கா பண்ணப் போற? யாருமே பாக்காம நின்னுக்கினு இருக்குதுங்க. பாவமா இல்ல?"

சொல்லிவிட்டுச் சாதாரணமாகக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? எனக்கும் உள்ளுக்குள் கொள்ளை ஆசைதான். முப்பது வருஷமாகச் சேர்த்ததை ஒருத்தராவது குனிந்து பார்த்து "அடேயப்பா" என்று சொல்ல மாட்டார்களா என்ற ஆசை. என் வீட்டுக்காரர்கூட பொட்டலம் கொண்டுவருவாரே தவிர, பொம்மையைப் பார்த்தால் கொட்டாவி விடுவார்.

மறுநாள் காலை நாற்பது பேரையும் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி நானே தூக்கிக்கொண்டு போனேன். கடைசி நிமிஷத்தில் நீச்சல்காரனையும் எடுத்துக்கொண்டேன். பீச்சில் அவன் இல்லாவிட்டால் எப்படி? சட்டங்களை எல்லாம் ஒப்பித்தேன். பசை கூடாது, பிள்ளைகள் கை கூடாது, விளக்குக்குப் பக்கம் கூடாது. சிப்பாயைப் போலீஸ் ஆக்க அவன் தொப்பிக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் அடிக்கலாமா என்று கேட்டாள் பாருங்கள், நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சிவப்புக் காகிதத்தில் குட்டித் தொப்பி செய்து மாட்டினோம். தெர்மாகோலில் நீல பெயின்ட் அடித்துக் கடல். அதற்கு அடியில் நீலநிற ஜீரோ வாட்ஸ் பல்பு. சுவிட்சைப் போட்டதும் கடல் உள்ளேயிருந்து மினுங்கியது. அலைக்கு நடுவில் என் நீச்சல்காரனை, தீக்குச்சி முட்டோடு, நானே என் கையால் நிற்க வைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவள் வைக்கவில்லை, நான்தான் வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாளை எப்படிச் சொல்வது? எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்தவர்கள் மேல்படியில் இருந்த சாமி பொம்மைகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராகக் கீழே வந்து குந்திக்கொண்டார்கள். ஒரு பெரிய மனுஷி, பட்டுப்புடவையோடு தரையில் மண்டிபோட்டு, "இந்தச் சமையக்காரன் எங்க வீட்ல இருந்தான், எங்கண்ணன் முழுங்கிட்டான்" என்று கத்தினார். வாலில்லாத முதலைக்குப் பெரிய ரசிகர் கூட்டம். உழவர்கரையிலிருந்து டீச்சரின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். நான் கையில் ஊதுபத்திக் குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் சுட்டிச் சுட்டி விளக்கினேன். இவர் எந்த டப்பாவில் வந்தார், அவர் எந்த நடைபாதையில் கிடைத்தார், எல்லாம். தொண்டை கட்டிவிட்டது. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, வேர்க்கடலை என்று ஒன்பது வகைச் சுண்டலும் தின்று வயிறும் கட்டிவிட்டது. "கொலு வெச்சது அவங்களா, நீயா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவரையும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனேன். அரைமணி நேரம் பார்த்தார், கொட்டாவியே விடவில்லை.

விஜயதசமி அன்று சாயங்காலம் ஆரத்தி முடிந்தது. கொலுவில் ஒரு பொம்மையையாவது அன்றைக்குப் படுக்க வைத்தால்தான் கொலு முடிந்ததாகக் கணக்கு. பிறகுதான் மற்றதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்து, "இந்த வருஷம் வந்தவங்க எல்லாம் உன் ஆளுங்களத்தான் பாத்தாங்க. அதனால உன் நீச்சல்காரனத்தான் படுக்க வைக்கப் போறேன்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் குனிந்து, தீக்குச்சியை எடுத்துவிட்டு, இரண்டு விரலால் அவன் இடுப்பைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தாள்.

அவன் சாயவில்லை.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கணுக்கால் வளைந்தது, துடுப்பு அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், இரண்டு துடுப்பும் கடலுக்குள் அரை அங்குலம் இறங்கியிருந்தன. சுற்றிலும் தெர்மாகோல் சர்க்கரைப்பாகு மாதிரி உருகி இறுகிக் கிடந்தது. கீழே பதினைந்து நாளாகப் பல்புச் சூடு. பல்பு இல்லாத மணலில் நின்ற மற்றவர்களை நான் ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தேன், வந்துவிட்டார்கள். இவன் ஒருவன்தான் மாட்டிக்கொண்டான்.

"யா அல்லா, கைய எடு! கைய எடுடி!" என்று கத்தினேன். "உனக்கு எத்தினி தடவ சொன்னேன்! ஒரு சாமான ஒழுங்கா வச்சிக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு இந்த ஆசை!"

அவள் முகம் செத்துவிட்டது. வந்திருந்தவர்கள் சுண்டல் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்கள். சொல்லி முடித்த அடுத்த மூச்சில்தான் எனக்கு உறைத்தது. ஒரு பிளாஸ்டிக் இன்னொரு பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது என்பது என் சட்டம். தெர்மாகோலும் பிளாஸ்டிக்தான் என்று என் மண்டைக்கு ஏறவே இல்லை. அது பள்ளிக்கூட பிராஜெக்ட் சாமான், கல்யாண மேடைச் சாமான் என்றுதான் வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். வைத்தது என் கை. எனக்கு அவமானமாக இருந்தது.

"தப்பு என்னுதும்மா" என்றேன். "நாந்தான் அங்க நிக்க வச்சேன். நீ வேற பொம்மையப் படுக்க வை. நல்ல நேரம் போவுது."

"உன் ஆள நின்னபடி மாட்ட வச்சிட்டு நான் இன்னொண்ணத் தூங்க வைக்கிறதா? அதெல்லாம் முடியாது" என்று உள்ளே போய்க் காய்கறிக் கத்தியோடு வந்தாள். நான் குறுக்கே கை நீட்டினேன். ஆனால் அவள் அவனைத் தொடவில்லை. பல்பை அணைத்துவிட்டு, கணக்கு டீச்சர் ஆயிற்றே, அவனைச் சுற்றி அளவெடுத்த மாதிரி ஒரு சதுரம் கீறினாள். கடலை அறுத்தாள். நான் கீழே கை கொடுத்தேன். அவன் ஒரு துண்டு கடலோடு எழும்பி வந்தான், இரண்டு கணுக்காலும் பத்திரமாக. அப்படியே அந்த நீலக் கட்டியோடு அவனை மேல்படியில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். கால்மாட்டில் கடலைப் போர்த்திக்கொண்டு தூங்கும் அவனைப் பார்த்ததும் யாரோ ஒருவர் க்ளுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், கூடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. டீச்சர் என் தோளில் சாய்ந்து சிரித்தாள், அழுதாள், மூக்கை என் முந்தானையில் துடைத்தாள். நானும்தான்.

கட்டியைப் பிரிக்க ஒரு மாதம் ஆனது. பல்குத்தும் குச்சியால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். இடது துடுப்பு சுத்தமாக வந்தது. வலது துடுப்பின் அடியில் அம்மைத் தழும்பு மாதிரிப் பத்துப் பன்னிரண்டு குழி, அது போகாது. நிற்க வைக்கப் பயந்து, பஞ்சு போட்ட செருப்புப் பெட்டிக்குள் மல்லாக்கவே விட்டு வைத்திருந்தேன். அந்த மாதக் கடைசியில், டீச்சர் இன்னும் எடுத்து வைக்காத பொம்மைகளை மூட்டை கட்ட உதவிக்குப் போனபோது, மண்பொம்மைகள் ஒவ்வொன்றாகத் துணிக்குள் படுப்பதைப் பார்த்துக்கொண்டே, இதெல்லாம் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டேன்.

"இந்தச் செட்டியார் பொம்மையா? எங்கம்மாவுக்கு அவங்கம்மா குடுத்தது. வருஷத்துல ஒம்போது நாள்தானே நிக்கிறாரு. மீதி நாள் நல்லாத் தூங்கறாரு."

நான் கீழே ஓடி வந்தேன். நாற்பத்தெட்டு வயதில் படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவினேன் என்றால் நம்ப வேண்டும். பெட்டியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நீச்சல்காரனை எடுத்து மேஜைமேல் நிறுத்தினேன். முன்பக்கம் சாயவில்லை, ஒரு மாதம் படுத்ததில் நிமிர்ந்திருந்தான். முப்பத்தொரு வருஷமாகத் திரைக்குப் பின்னால் இருட்டில், யாரும் பார்க்காமல், நின்று நின்றே அவன் வளைந்து போயிருக்கிறான். பிரான்ஸ் தேசத்தின்மேல் ஒரு தப்பும் இல்லை.

திரையைக் கழற்றிவிட்டேன், அலமாரியில் இப்போது அரிசியும் பருப்பும் இருக்கிறது. இருநூற்றுப் பதினொரு பேரும் என் கட்டிலுக்கு அடியில் செருப்புப் பெட்டிகளில் பட்டர் பேப்பருக்குள் படுத்திருக்கிறார்கள். புரட்டாசி பிறந்துவிட்டது. மாடியில் டீச்சர் இந்த வருஷம் நீலக் கடலை மரப்பலகையில் செய்துகொண்டிருக்கிறாள், சுத்தியல் சத்தம் கேட்கிறது. நேற்று கீழே வந்து, போன வருஷத்துக் கதை நினைவில் இருக்க, தயங்கித் தயங்கி, "ஒரு இருவது பேராவது குடுப்பியாக்கா? நீச்சல்காரன் வேணாம்" என்றாள். இருநூற்றுப் பதினொன்றையும் எழுப்பப் போகிறேன், இடம் ஒதுக்கி வை என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். அந்தத் தீக்குச்சியை அடுப்பில் போட்டுவிட்டேன்.