கப்ளிங்கில் வைத்த பொட்டு

என் மேசை டிராயரில் ஒரு ரப்பர் புஷ் கிடக்கிறது. கட்டைவிரல் அளவுதான், ஒரு பக்கம் தேய்ந்து, உப்புப் பூத்து வெளுத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கோவளம் கழிமுகத்தை ஒட்டிய உப்பளமும், அதன் பம்ப் அறையும், அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்த்த பிட்டரும் நினைவுக்கு வருவதுண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில், பாலிடெக்னிக் முடித்த கையோடு அங்கே மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். கழிமுகத்துத் தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்ற அங்கே ஒரு பம்ப் இருந்தது. மோட்டாரின் சுழலும் தண்டும் பம்பின் தண்டும் எவ்வளவு பார்த்துப் பொருத்தினாலும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. அந்தச் சிறு விலகலைத் தாங்கத்தான் நடுவே கப்ளிங் என்ற வளைந்துகொடுக்கும் இணைப்பு. அதன் வகைகள் என் மனதில் வரிசையாக இருந்தன. பற்கள் கோத்தது பெரும் பாரம் தாங்கும், கிரீஸ் கேட்டுக்கொண்டே இருக்கும். சங்கிலி சுற்றியதைக் கழற்றுவது எளிது. டயர் மாட்டியது விலகலை அதிகம் பொறுக்கும். நட்சத்திர ரப்பர் வைத்தது சின்ன பம்புகளுக்கு. எங்களுடையது பின்னும் புஷ்ஷும் கொண்டது: எதிரெதிரே இரண்டு இரும்பு வட்டுகள், அவற்றைக் கோக்கும் இரும்பு முளைகளான பின்கள், பின்களின் மேல் உறைபோல ரப்பர் புஷ். பின்களை உருவிவிட்டால் ஒரு வட்டுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை.

ஆயுத பூஜையோடு உப்பு சீசன் முடியும். அன்று பம்பை நிறுத்தி, பின்களை உருவி, இரண்டு வட்டுகளுக்கும் சந்தனம் பூசி, உச்சியில் அருகருகே குங்குமம் வைப்பார்கள். மழைக்காலம் முழுக்க அப்படியே கிடக்கும். பொட்டு வைப்பது பம்ப் ஓட்டுகிறவரின் மனைவி. அந்த வருடமும் பிட்டரின் அண்ணிதான் வந்து வைத்தார். பம்பை ஓட்டிய அண்ணன் சில மாதங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் திருவிடந்தைக் கரையிலிருந்து கட்டுமரத்தில் போனவர், திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. மழை விட்டதும் கருமாதி செய்துவிடலாம் என்றார்கள் உறவுக்காரர்கள். பிட்டர் ஒப்பவில்லை. அண்ணியும் பொட்டை அழிக்கவில்லை.

முதல் பெருமழைக்கு மறுநாள் நண்பகலில் பம்ப் அறைக்குள் போனேன். மோட்டார் பக்கத்துப் பொட்டு உச்சியிலேயே இருந்தது. பம்ப் பக்கத்துப் பொட்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பியூஸ்கள் என் பையில், மோட்டாருக்கு மின்சாரம் வர வழியில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டு, சத்தமே இல்லாமல், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றியது.

பின்னால் வந்த பிட்டர் தோளிலிருந்த துண்டை மரியாதையாக எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சுற்றும் வட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பயப்படாத இஞ்சினீரம்மா. அண்ணன்தான். மழ பேஞ்சா வரும்."

"கைய எடுங்க பிட்டர். மழையில நிரம்பின மேல் தொட்டித் தண்ணி திரும்பி இறங்குது. வால்வு ஒழுகுதுபோல."

"நீ காரணத்தயெல்லாம் லிஸ்ட்டு போட்டுக்கோ. எங்க அண்ணன் அதுல வரமாட்டாரு," என்று சிரித்தார். "வூட்ல போய் சொல்லணும். அண்ணி காத்துகினு இருக்கும்."

வால்வைப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் தட்டின் ஓரத்தில் சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தது. தட்டை மாற்றினால் வட்டு நின்றுவிடும். மாற்றாவிட்டால் ஒருநாள் அவர் கை போய்விடும். மாற்றுவதற்கு முன் அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று திருவிடந்தைக்குப் போனேன். அவர் மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு நிமிரவில்லை.

"தண்ணிதான் சுத்துதுன்னு எனுக்குத் தெரியாதாம்மா? எங்க வூட்டுக்காரரே சொல்லிக்கீறாரு. இவன்தான், அண்ணன் வந்துச்சு, அண்ணன் வந்துச்சுன்னு வந்து நிக்கிறான். நான் பொட்ட அழிச்சா இவன் தாங்கமாட்டான். அதான் வச்சிகினு கீறேன்." ஒரு மீனைப் புரட்டிப் போட்டார். "நீ மாத்திடு. அவன் கையும் போச்சுன்னா இன்னா பண்றது, பேஜாரு."

தட்டை மாற்றினேன். வட்டைத் திருப்பி இரண்டு பொட்டையும் நேராக்கினேன். அதற்குப் பிறகும் மழை கொட்டியது, வட்டு அசையவில்லை. பிட்டர் தினமும் எட்டிப் பார்ப்பார். "இன்னிக்கும் வர்ல," என்பார். பிறகு அதையும் சொல்வதை நிறுத்தினார். தை மாதம் கடற்கரையில் கருமாதி நடந்தது. அண்ணியின் நெற்றி வெறுமையாக இருந்தது.

மறுநாள் காலை, புது புஷ்கள் போட்டுப் பின்களைக் கோப்பதற்காகப் பூட்டைத் திறந்தேன். பம்ப் பக்கத்துப் பொட்டு கீழே இருந்தது.

காரணங்களை வரிசையாக யோசித்தேன். மேல் தொட்டியைச் சுத்தம் செய்யக் காலி செய்திருந்தோம். வால்வு மூடியிருந்தது. சாவி என்னிடம். அதற்குமேல் வரிசை போகவில்லை. வெளியே பிட்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. வட்டைப் பிடித்துத் திருப்பினேன். குளிர்ந்திருந்தது, மறுபக்கம் யாரோ பிடித்துக்கொண்டு மெதுவாக விட்டுக்கொடுப்பதுபோல் கனத்தது. இரண்டு பொட்டும் அருகருகே வந்தன.

பிட்டர் உள்ளே வந்து பொட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நேரா கீது," என்றார்.

"நேராத்தான் இருக்கு," என்றேன். அவர் பின்களைக் கோத்தார்.

அன்று கழற்றிப் போட்ட புஷ்தான் என் டிராயரில் இருப்பது. இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் டயர் மாட்டிய கப்ளிங்குகள், மேலே கம்பிக் கூண்டு. பம்பை நிறுத்தும்போது தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறேன். காலையில் அது போட்ட இடத்திலேயே இருந்தால், புஷ்ஷை ஒருமுறை தொட்டுவிட்டு டிராயரை மூடுகிறேன்.